வாசலில் குவிந்த ஓடுகள்

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலம் அது. நம் கதைக்கு ஓர் அரசன் வேண்டும். அவன் பேர் நமக்கு எதற்கு? அவன் நாட்டில் ஆற்றுக்கு இக்கரையில் ஒரு பெரிய மண்பாண்டச் சாலை இருந்தது. மண் மிதிப்பவர், சக்கரத்தில் வனைபவர், சூளை வைப்பவர் என்று நாற்பது குடும்பங்கள் அதை நம்பிப் பிழைத்தன.

அங்கே அரியநாச்சி என்று ஒருத்தி. சூளை பிரித்ததும் ஒவ்வொரு சாடியையும் விரலால் சுண்டிப் பார்ப்பது அவள் வேலை. கணீரென்றால் உள்ளே போகும். மந்தமாக ஒலித்தால், வனைந்தவர் கண்ணெதிரிலேயே வாசலில் போட்டு உடைத்துவிடுவாள். சொந்தப் புருஷன் வனைந்தது என்றாலும் தயவு கிடையாது! அந்த ஓடுகளைக் கொல்லையில் கொட்டாமல் தெருவாசலிலேயே குவிப்பது அந்தச் சாலையின் வழக்கம். குவியல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

ஒருநாள் அரண்மனையிலிருந்து சேதி வந்தது. கடலோடிகளுக்குத் தண்ணீர்ச் சாடிகள் வேண்டுமாம். மூன்றாம் நாள் அரசனும் தலைமை மாலுமியும் இக்கரைச் சாலையையும் அக்கரையில் இருந்த இன்னொரு சாலையையும் பார்ப்பார்களாம். தேறும் சாலைக்குத்தான் இனி அரசனின் காட்டிலிருந்து விறகு. மற்றதன் சூளை அணைய வேண்டியதுதான்.

சாலைத் தலைவர் ஆவுடையான் வாசலுக்கு விரைந்து வந்தார். வாசலில் இத்தனை உடைசலைப் பார்த்தால் அரசன் என்ன நினைப்பான்? அள்ளி ஆற்றில் கொட்டிவிடலாம் என்றார். மண் மிதிப்பவர்கள் சரி என்றார்கள். வனைபவர்கள் சரி என்றார்கள். சூளைக்காரர்களும் சரி என்றார்கள்.

அரியநாச்சி மட்டும் குவியலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“இது குப்பை இல்லைங்க ஐயா, நம்ம யோக்கியதை. இதை அள்ளணும்னா என்னையும் சேர்த்து அள்ளுங்க.”

அவள் பிடிவாதம் ஊரறிந்தது. ஓடுகளை அள்ள வந்த வண்டிகள் வெறுமையாகத் திரும்பின. போதாக்குறைக்கு மூன்றாம் நாள் காலையில் இன்னும் ஏழு சாடிகளை உடைத்துப் போட்டாள் அந்த மகராசி! ஆவுடையான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அரசன் முதலில் அக்கரைக்குப் போனான். கோலமிட்ட வாசல், வரிசை வரிசையாகச் சாடிகள். மருந்துக்கும் ஓர் ஓட்டுத்துண்டு இல்லை. அவன் முகம் மலர்ந்தது. அக்கரைத் தலைவரையும் அழைத்துக்கொண்டு இக்கரைக்கு வந்தான். குவியலைக் கண்டதும் முகம் சுளித்தான்.  நாற்பது அடுப்புகளையும் தானே அணைத்துவிட்டோமோ என்று அரியநாச்சி பயந்துபோனாள்.

மாலுமி குனிந்து ஓர் ஓட்டுத்துண்டை எடுத்தார். உடைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் அரியநாச்சி.

“பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது?”

“கடல்ல தாகம் எடுத்தவன் பார்வையவா குடிப்பான்? மந்தமாச் சத்தம் கேட்டுதுங்க. நடுக்கடல்ல விரிசல் விட்டா அவன் எங்கே போவான்?”

மாலுமி அக்கரைத் தலைவர் பக்கம் திரும்பி, உங்கள் உடைசல் எங்கே என்றார். எங்கள் சூளையில் ஒன்றுகூடக் கெடுவதில்லை என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“அரசே, கெடாத சூளையை நான் எந்தக் கரையிலும் கண்டதில்லை. இங்கே கெட்டவை வாசலில் கிடக்கின்றன. அங்கே கெட்டவை அந்த வரிசையில் நிற்கின்றன” என்றார் மாலுமி.

அரசன் ஆளனுப்பி அக்கரைச் சாடிகளைச் சுண்டச் சொன்னான். பத்துக்கு மூன்று மந்தம். விறகு இக்கரைக்கே என்று அங்கேயே அறிவித்தான். உனக்கு என்ன வேண்டும் என்று அரியநாச்சியைக் கேட்டான்.

அவள் தயங்கவில்லை. “அக்கரையிலயும் பிள்ளைகுட்டி இருக்குதுங்க. அவங்களுக்கும் விறகு குடுங்க. சுண்டிப் பார்க்க நான் சொல்லித் தாரேன். ஆனா உடைச்சதை அவங்களும் தெருவாசல்லதான் போடணும்.”

அரசன் சம்மதித்தான். அடுத்த சூளை பிரித்த அன்று அக்கரைத் தலைவர் எல்லோரும் பார்க்கத் தம் வாசலில் முதல் சாடியைத் தம் கையாலேயே உடைத்தார்.

ஆகையால் பெரியோரே, பிள்ளைகளே, தன் பிழையை மறைக்காமல் ஊரறிய உடைத்துப் போடுகிறவரின் கைவேலையையே உலகம் நம்பும்.