ஆறாவது வளைவின் முள்வேலி

நரிமேட்டு மலைப்பாதையின் ஆறாவது வளைவில் ராசரத்தினம் பதினோராவது தடவையாக முள்வேலி கட்டினார். முன்பு கட்டிய பத்தையும் மலைக்காரர்கள் பிரித்துவிட்டிருந்தார்கள். பிரித்த முள்ளைக் கண்டபடி வீசவுமில்லை. ஒரு பக்கமாகக் கொத்துக் கொத்தாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அடுக்குதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

அவர் முப்பத்துநாலு வருஷம் சாலை போட்ட இன்ஜினியர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கப் பிடிக்காமல், மலைப்பாதையைச் சம்பளமில்லாமல் பராமரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார். கூட்டம் என்றால் பன்னிரண்டு பேர். ஒரு தையல்காரர், இரண்டு வாத்தியார்கள், ஒரு பஸ் கண்டக்டர், இப்படி. அவர்களை வழிநடத்துகிறவள் முப்பிடாதி. நாற்பது வயது. மலைக்கு மேலே இருக்கும் மேலக்காடு என்ற ஊருக்கு வாரம் மூன்று நாள் தபால் கொண்டுபோகிறவள். அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பாதையைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவளைவிட இருபது வயது மூத்த ராசரத்தினமும் அவளைத் தன் குரு என்றுதான் வெளியில் சொல்லிக்கொள்வார். வேடிக்கையாக ஆரம்பித்து, பிறகு பழக்கமாகிவிட்டது.

குரு சொன்ன முதல் காரியத்தை மட்டும் சீடர் செய்யவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் முதல் மாதம் மண்வெட்டியைத் தொடக்கூடாது. சந்தை நாளான புதன்கிழமைகளில், மேலக்காட்டுக்காரர் யாருக்காவது ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு மேலே போய் வர வேண்டும். ராசரத்தினம் இதைக் கேட்டுச் சிரித்தார். அதெல்லாம் பாதை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு, ரோடு போட்டே தலை நரைத்தவனுக்கு எதற்கு என்றார். முப்பிடாதி மறுத்துப் பேசவில்லை. ஒரு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

அதை வைத்துக்கொண்டு அவர் நன்றாகவே உழைத்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆறாவது வளைவு எப்போதும் சறுக்கும். ஆனி மாதம் முழுக்க வெயிலில் நின்று அங்கே பதினாலு படி கட்டினார். வளைவின் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறை இடைஞ்சலாக நின்றது. அதை உடைத்துத்தான் படிக்குக் கல் எடுத்தார். வேலை முடிந்த அன்று தையல்காரர் படிகளைத் தடவிப் பார்த்து, கோயில் படி தோற்றுவிடும் என்றார். ராசரத்தினம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

ஆடி மாதம் குறுக்குவழி விழுந்தது. மலைக்காரர்கள் வளைவைச் சுற்றுவதை விட்டுவிட்டுச் சரிவில் நேராக ஏற ஆரம்பித்தார்கள். புல் தேய்ந்து மண் தெரிந்தது. அவர் வேலி கட்டினார். அவர்கள் பிரித்தார்கள். அவர் மறுபடியும் கட்டினார். ஒவ்வொரு தடவையும் முப்பிடாதி பக்கத்தில் நின்று, ஒரு புதன்கிழமை வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்வாள். அவருக்குப் புதன்கிழமைகளில் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது.

இது வெறும் வீம்பும் இல்லை. ஐப்பசி மழைக்கு இன்னும் பதினைந்து நாள்கூட இல்லை. குறுக்குவழியில் தண்ணீர் இறங்கினால் கீழே ஐந்தாவது வளைவை அறுத்துக்கொண்டு போய்விடும். பாதை அறுந்தால் மேலக்காட்டின் நாற்பது வீட்டுக்காரர்களுக்கும் கீழே இறங்க வேறு வழி கிடையாது. பிள்ளைப்பேறு, காய்ச்சல், எதுவானாலும் மலையிலேயே கிடக்க வேண்டியதுதான். ராசரத்தினத்தின் இந்தக் கணக்கில் தப்பே இல்லை. முப்பிடாதியும் அதை ஒப்புக்கொண்டாள்.

ஆகவே அவர் ஒரு மனு எழுதினார். வேலியைப் பிரித்துக் குறுக்கே போகிறவர்கள்மேல் வழக்குப் போட வேண்டும் என்று காட்டிலாகா அலுவலகத்துக்கு. ஆதாரம் வேண்டுமல்லவா, பெயர்ப் பட்டியலும் வைத்தார். போன வாரத் தூறலில் அந்தக் குறுக்குவழியில் வழுக்கி விழுந்து கால் பிசகிக் கிடந்தவள் மேலக்காட்டுச் செல்லத்தாய். அவள் அங்கே போனாள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஒன்று என்று போட்டு அவள் பெயரை எழுதினார். இரண்டு, மூன்று என்று எண்களை மட்டும் போட்டு இடம் விட்டார். அடியில் முப்பிடாதியின் கையெழுத்தும் இருந்தால் மனுவுக்குப் பலம்.

புதன்கிழமை காலை, அடிவாரத்து டீக்கடையில் தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தவளிடம் மனுவை நீட்டினார்.

"எத்தனை தடவை அடைச்சாலும் பிரிக்கிறாங்க. இந்த ஜனங்க திருந்தவே மாட்டாங்களா, முப்பிடாதி?"

அவள் மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"கையெழுத்துப் போடுதேன் சார். மேல போயிப் போடுதேன்."

"இங்க போட்டா என்ன?"

"செல்லத்தாயி எந்திரிக்க முடியாமக் கிடக்கா. அவ சொல்லி வச்ச அரிசி இந்தா இங்கன கிடக்கு. எனக்குத் தபால் பையும் சீமெண்ணெய் கேனும் இருக்கு. அரிசிய நீங்க தூக்குங்க."

அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பதினைந்து கிலோ மூட்டை. இதென்ன பிரமாதம் என்றும் நினைத்தார். அவருடைய துண்டையே சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, முப்பிடாதியும் டீக்கடைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூட்டையை ஏற்றிவிட்டார்கள். வழியில் தரையில் மட்டும் இறக்கிவிட வேண்டாம், திரும்பத் தூக்கிவிட ஆள் இருக்காது என்று அவள் சொன்னாள். சந்தைக்காரர்கள் ஏறும் நேரம் இன்னும் ஆகவில்லை. பாதையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

இரண்டாவது வளைவில் கழுத்து வலிக்க ஆரம்பித்தது. அங்கே இடுப்பு உயரத்தில் ஒரு பாறை இருந்தது. முப்பிடாதி காட்டிக் கொடுத்தபடி லேசாகக் குனிந்து மூட்டையை அதன்மேல் சரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் அடியில் தலையைக் கொடுத்து நிமிர்ந்தார். யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. நாலாவது வளைவிலும் அப்படி ஒரு பாறை. அதற்குப் பிறகு முப்பிடாதி, மேலே காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள்.

ஆறாவது வளைவுக்கு அவர் வந்து சேர்ந்தபோது கழுத்து கழுத்தாக இல்லை. கண்ணில் வியர்வை இறங்கியது. மூட்டையைச் சரித்து வைக்க இடம் தேடினார். வளைவின் நடுவில் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பாறை நின்ற இடத்தில் பதினாலு படிகள் இருந்தன. ஒவ்வொன்றும் முழங்கால் வலிக்கிற உயரம். அதை அவர் இதுவரை கவனித்ததில்லை.

தரையில் இறக்கினால் தூக்கிவிட ஆள் இல்லை. அடுத்த பாறை எட்டாவது வளைவில்தான். படியேறிச் சுற்றிப் போனால் இன்னும் இரண்டு வளைவு. சரிவில் நேராகப் போனால் அறுபது அடி தூரம்தான். பாறை அங்கிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது.

ராசரத்தினம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேலியிலிருந்து முள்ளை உருவினார். ஞாயிற்றுக்கிழமை அவரே இறுக்கிக் கட்டிய முள். அப்படியே கீழே போட்டிருக்கலாம். ஆனால் தலையில் சுமை இருக்கிறவனுக்குத் தன் காலடி தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் வருகிறவர்கள் மிதித்துவிடாதபடி ஒரு பக்கமாக அடுக்கி வைத்தார். பதினோராவது வேலியைப் பிரித்தவர் அவரே.

எட்டாவது வளைவில் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து மூட்டையைப் பிடித்துப் பாறைமேல் சரித்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் வேட்டியில் நாலைந்து முள் தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் குடித்து முடித்ததும், "மனுவ எடுங்க சார்," என்றாள். "கையெழுத்துப் போடணும்லா."

அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. எடுக்கவில்லை.

"ரெண்டாவது நம்பர்ல எடம் விட்டிருக்கீங்க. அதுல யார் பேரப் போட?"

ராசரத்தினத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தை மறைக்கக் கோபம்தான் கைவசம் இருந்தது. அதை எடுத்தார்.

"நான் பாறைய உடைச்சப்ப நீயும் அங்கதானம்மா நின்னே."

"நின்னேன் சார். எனக்கும் அன்னைக்குத் தெரியல. தபால் பை தோள்ல தொங்குது. தலையில இல்ல."

அவருடைய கோபம் போய்விட்டது. மனுவை எடுத்து நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், சும்மாட்டுத் துண்டின் மடிப்புக்குள் செருகினார். கீழே தெரிந்த வளைவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் கடப்பாரையோடு வர வேண்டும் என்றார். படியில் பாதியை எடுத்துவிட்டு அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நிறுத்தினால் யாரும் குறுக்கே ஏற மாட்டார்கள், மழைக்கு முன்னால் சரிவில் புல் கொத்துகளைப் பதித்துவிடலாம் என்றார். நிறுத்துவோம் என்றாள் முப்பிடாதி. அவர் மூட்டைக்கு அடியில் தலையைக் கொடுத்து நிமிர்ந்தார்.

நாலு அடி நடந்த பிறகு அவருக்கு ஒரு ஆதங்கம் மிச்சமிருந்தது. தலையில் சுமை இருந்ததால் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"நாற்பது வீடு இருக்கு. ஒருத்தராவது எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம் இல்லையா?"

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"சொல்லிட்டுத்தான சார் இருந்தாங்க, பத்து வாரமா. நீங்கதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து முள்ளு வச்சு அடைச்சிட்டுப் போனீங்க."