நாற்பது மணிகளின் சொந்தக்காரர்

எத்தனையோ தலைமுறைக்கு முன்பு, வெண்குன்ற நாட்டைக் கோடைவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுடைய பட்டறையில் செய்த பறக்கும் தேர்களுக்கு அக்கம்பக்கத்து ராஜாக்களிடம் அப்படியொரு கிராக்கி. அந்தப் பட்டறையில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் குற்றவாளியும் மாறிவிடுவான்.

முதலாவது, பட்டறை அதிகாரி மாடலன், தேர் செய்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் விலை பேசி முன்பணம் வாங்கினான். இரண்டாவது, அந்தப் பணத்தில் ராஜாவுக்குத் தங்க ஊஞ்சல் செய்து கொடுத்தான். மூன்றாவது, மரமும் இரும்பும் விலை ஏறியதும், முன்பே விலை பேசிய தேருக்கு மரம் வாங்கப் புதிய ஆளிடம் முன்பணம் வாங்கினான். நான்காவது, அதுவும் போதாமல் தச்சர்களுக்குக் கூலியாக அளக்கும் படியரிசியில் கைவைத்தான். ஐந்தாவது, "தேர் எங்கே?" என்று தூதர்கள் கேட்டபோது, "தலைமைத் தச்சன் ஓரி சோம்பேறி" என்றான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஒரு தேருக்கு முன்பணம் வந்தால் பட்டறை வாசலில் ஒரு வெண்கல மணி கட்டுவார்கள். தேரை ஒப்படைத்த பிறகுதான் அவிழ்ப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு அவிழ்ந்தால் அதிகம். இப்போது தொங்கியவை நாற்பது. காற்றில் அவை ஒலிக்கும் சத்தம் கேட்டால்தான் ராஜாவுக்குத் தூக்கமே வரும்.

ஓரியை நாடு கடத்த நாள் குறித்தார்கள். தூதர்கள் சாட்சியாக நிற்க, முரசறைபவன் குற்றவாளியின் பெயரை வாசிக்கவேண்டும். பெயர் வாசிக்கப்பட்டவனுக்கு அதன்பிறகு ஊரில் தண்ணீர்கூடக் கிடைக்காது. ஓரி சபை நடுவே நின்றான். ராஜா தங்க ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தான்.

"தச்சன் போனால் போகட்டும், மகாராஜா," என்றான் மாடலன். "வாசலில் நாற்பது மணி! கஜானாவைவிடப் பெரிய சொத்து."

"நிஜமாகவா, மாடலரே?" என்று கேட்டாள் அமைச்சர் சேந்தி.

"சந்தேகமென்ன அம்மணி? உங்களுக்குப் பொறாமை."

"இருக்காதா? இத்தனை வருஷம் அமைச்சராக இருந்து நான் ஒரு மணிகூடக் கட்டவில்லையே!" சேந்தி ராஜாவின் பக்கம் திரும்பினாள். "மகாராஜா, இவ்வளவு சேர்த்துக் கொடுத்த மனிதருக்கு நாம் ஒன்றுமே செய்யவில்லை. அந்த நாற்பது மணிகளையும் அவருக்கே பரிசாகக் கொடுத்துவிடுங்கள்."

"அப்புறம் எனக்கு?"

"சத்தம் உங்களுக்கு. சொத்து அவருக்கு."

ராஜா சிரித்துவிட்டான். "கொடுத்தேன்!"

மாடலனின் முகம் வெளுத்தது. "எனக்கு எதற்கு மகாராஜா... நான் எளியவன்..."

"கூச்சப்படாதீர்கள்," என்றாள் சேந்தி. "லாபமெல்லாம் உங்களுக்கு. பேசிய விலைக்குத் தேரைச் செய்து கொடுப்பதும், முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்புவதும் மட்டும் உங்கள் பொறுப்பு."

தூதர்கள் மெல்ல மாடலனைச் சூழ்ந்தார்கள். "ஐயா, உங்கள் வீடு எந்தத் தெரு?" என்று ஒருவர் வெகு மரியாதையாகக் கேட்டார்.

மாடலன் தடாலென்று விழுந்தான். "வேண்டாம் மகாராஜா! பேசிய விலைக்குச் சக்கரம்கூடச் செய்ய முடியாது. முன்பணமெல்லாம் போய்விட்டது. என் வீட்டை விற்றாலும் ஒரு மணிக்குக் காணாது!"

"எங்கே போயிற்று?"

"பாதி மரத்தில்... பாதி, நீங்கள் ஆடுகிற ஊஞ்சலில்."

ஊஞ்சல் நின்றது. "அப்படியானால் நான் தினம் கேட்டுத் தூங்கியது?"

"கடன்காரர்கள் கதவைத் தட்டிய சத்தம், மகாராஜா," என்றாள் சேந்தி. "மணி வெண்கலமானதால் இனிமையாகக் கேட்டது."

ராஜா கூசிப்போய் இறங்கினான். "ஊஞ்சலை உருக்கி மரம் வாங்குங்கள். படியரிசி பழையபடி கொடுங்கள். இனி ஓரி சம்மதிக்காமல் ஒரு மணியும் தொங்கக்கூடாது. அமைச்சரே, உமக்கு என்ன வேண்டும்?"

"குற்றவாளியின் பெயரை வாசிக்க வந்தவன் சும்மா திரும்பக்கூடாது. அவ்வளவுதான்."

ராஜா தலையாட்டினான். முரசறைபவன் பழைய ஓலையைக் கிழித்துப் போட்டான். முரசு அதிர்ந்தது. தூதர்கள் கேட்க, தச்சர்கள் கேட்க, ஓரி தலைநிமிர்ந்து கேட்க, அவன் உரக்கச் சொன்னான்:

"கேட்காமல் விலை பேசியவன், முன்பணத்தைக் கரைத்தவன், பழியைத் தச்சன் தலையில் போட்டவன், பட்டறை அதிகாரி மாடலன்!"