புதர் வேலை

இருட்டிய பிறகு வெளியே யாரோ அப்பளத்தை மிதித்துக்கொண்டு நடப்பதுபோல் ஒரு சத்தம். நொறுக், நொறுக்.

திருமேனி எழுந்து உட்கார்ந்தார். கீழே ஊரில் கல்யாணச் சமையல் செய்தவர். இந்த மலை உச்சி மடத்துக்குச் சீடராக வந்து நாலு வருஷம். குரு தவமணி அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். பக்கத்து அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தார்.

திருமேனி அங்கே எட்டிப் பார்த்தார். பாய் காலியாக இருந்தது.

ஓடினார். உறைந்த புல் அவர் காலடியிலும் நொறுங்கியது. சுனைக்கரையில், மலைநாவல் கன்றின் மேல் கம்பளியைக் கூடாரம்போல் விரித்துப் பிடித்தபடி குரு குந்தியிருந்தார்.

"அம்மா! காய்ச்சலோட இங்கே என்ன பண்றீங்க?"

"புதர் வேலை பார்க்கிறேன் அண்ணே."

திருமேனிக்குச் சுருக்கென்றது. முன்பெல்லாம் சாயங்காலம் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவந்து விடியவிடிய மலையைப் போர்த்திக் கிடக்கும். இப்போது மழை ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மேகம் பாதி மலையோடு திரும்பிவிடுகிறது. சுனைக்கரை மரங்கள் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போய், மிஞ்சியது இந்த ஒரு கன்றுதான். இருக்கிற ஈரத்தையும் புதர்கள் குடிக்கின்றனவே என்று, போன வாரம் சுற்றிலும் வெட்டித் துப்புரவாக்கியவர் திருமேனிதான்.

"புதர் ஈரத்தைக் குடிக்கலையா அம்மா?"

"குடிச்சுது. தப்பித்தவறி வர்ற மேகத்தை இலையில பிடிச்சு, இதோட வேர்லயும் சொட்டிச்சு. ராத்திரி பனிக்குக் குடையும் பிடிச்சுது."

"நான் கெடுத்தேன். பொழுது விடிஞ்சதும் பந்தல் போட்டுடறேன். எழுந்திருங்க."

"விடியும்போது கொழுந்து இருக்கணுமே."

"கம்பளியைக் கன்று மேலேயே போர்த்திட்டு வாங்களேன்."

"பாரம் தாங்காது. ஒடிஞ்சுடும்."

திருமேனி தொப்பென்று எதிரே உட்கார்ந்தார். கம்பளியின் மறுமுனையைப் பிடுங்கிக்கொண்டார்.

"என் உடம்பைப் பாருங்க. வெட்டின புதர் எல்லாத்தையும் சேர்த்தாலும் இந்த அகலம் வராது."

குரு சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"உள்ளே போங்கம்மா."

"இங்கே யார் குரு?"

"நீங்கதான். ஆனா புதர் நான். போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குங்க. இல்லேன்னா அரை மணியில திரும்ப வந்து நிப்பீங்க, எனக்குத் தெரியாதா?"

குரு கம்பளியை அவர் கையில் விட்டார். கன்றை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு மெல்ல நடந்தார்.

மடத்துக் கதவு பாதி திறந்தபடியே கிடந்தது. இடுக்கில் விளக்கு தெரிந்தது.

"அம்மா, தாழ்ப்பாள்!"

"இந்தப் பனியில உங்களை வெளியே விட்டுட்டு எப்படி அண்ணே?"

"புதருக்குக் குளிராதும்மா."

"சரி அண்ணே. அப்போ இந்த ராத்திரி நானும் கன்றாவே இருந்துட்டுப் போறேன்."

தாழ்ப்பாள் விழுந்தது.