செவுரு கழுவ வந்த செங்கோட்டுவேல்

நம்புறவங்க உக்காந்து கேளுங்க, நம்பாதவங்க நின்னுக்கிட்டே கேளுங்க. ரெண்டு பேருக்கும் கதை ஒண்ணுதான்.

நாமக்கல்லுக்கு இந்தப் பக்கம், பரமத்தி ரோட்டுல ஒரு கல்யாண மண்டபம். கட்டி முப்பது வருசமாச்சு. முன்பக்கச் செவுத்துல மழைத்தண்ணி வடிஞ்சு வடிஞ்சு கறுப்புக் கறுப்பா கோடு. காம்பவுண்டு பூராப் பச்சைப் பாசி. வாசல்ல ரெண்டு பக்கமும் கை கூப்பி நிக்கிற சுதைப் பொம்பளைங்க மூஞ்சியில அழுக்கு இறங்கி, வர்ற சொந்தக்காரங்களை "எதுக்கு வந்தீங்க"ன்னு கேக்கிற மாதிரி நின்னுக்கிட்டிருந்தாங்க.

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் பிரஷர் மிஷின் வெச்சுக் கழுவியாகணும்னு முதலாளி தங்கமுத்து முடிவு பண்ணினாரு. ரெண்டு கான்ட்ராக்டரை ஒரே நாள், ஒரே பத்து மணிக்கு வரச் சொன்னாரு. அவரு குணம் அப்படி. வந்தவங்களை வாசல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு உக்கார வெச்சுட்டு, ஆபீஸ் ரூம்ல யாரோ பொண்ணு வீட்டுக்காரங்ககூடத் தேதி பேசப் போயிட்டாரு.

வந்ததுல ஒருத்தி மோகனப்பிரியா. வயசு இருபத்தாறு. ஏழு வருசம் ஒரு லாரி வாட்டர் சர்வீஸ்ல தண்ணி அடிக்கிற கன்னைப் பிடிச்சு நின்னவ. போன வாரம் அந்த வேலையை விட்டுட்டுச் சொந்தமா மிஷின் வாங்கிட்டா. சர்வீஸ் கடைக்காரன் கூட நாலு பேர் இருக்கும்போதே சொன்னான்: "போயிட்டு வா. ஒரே மாசத்துல திரும்பி வருவே. உன் ரப்பர் பூட்ஸை யாருக்கும் குடுக்காம எடுத்து வெக்கிறேன்." இந்த மண்டபந்தான் அவளுக்கு முதல் வேலை. கெடைச்சா அவ கான்ட்ராக்டர். கெடைக்கலேன்னா அந்த பூட்ஸ்.

இன்னொருத்தன் செங்கோட்டுவேல். நாப்பத்தஞ்சு வயசு, தொழிலுக்கு வந்து பதினெட்டு வருசம். சட்டைப் பையில, கன்னு முனையில மாட்டுற நாலு கலர் நாசிலைப் பேனா மாதிரி சொருகி வெச்சிருப்பான். அவன் வாய்க்கு மூடி கெடையாது. திருகி நிறுத்தலாம்னா அது குழாயும் கெடையாது.

இந்தத் தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. பழைய ஆளு புது ஆளைப் பாத்தா யோசனை சொல்லுவான். யோசனைன்னா பெருசா ஒண்ணுமில்ல, நீ வீட்டுக்குப் போன்னு மரியாதையாச் சொல்றது.

"ஏனம்மணி, மிஷின் எத்தனை பாரு?"ன்னு ஆரம்பிச்சான். தண்ணி எவ்வளவு வேகமா அடிக்குதுங்கிறதுக்கு அளவு அந்த பார்.

"நூத்தம்பதுங்ண்ணா."

"நூத்தம்பதா? அதுல வாய் கொப்புளிக்கலாம்."

வாட்ச்மேன் குப்பண்ணன் கேட்டுப் பக்கம் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. "அப்ப உன்னுது எத்தனை?"

"ஐநூறு."

"ஐநூறுன்னா செவுரு நிக்குமாப்பா?"

"செவுரை விடுங்ண்ணா, கன்னைப் பிடிக்கிற நான் நிக்கணுமல்ல? அந்தத் தள்ளு தள்ளும். ஒரு நாளு இதே பரமத்தி ரோட்டுல என் மொபெட்டுல பெட்ரோல் தீந்துபோச்சு. நான் பதறல. வண்டியில பின்னாடி பாத்து உக்காந்தேன். கன்னை அமுத்தினேன். கண்ணைத் தெறந்து பாக்கறேன், கரூர் பஸ் ஸ்டாண்டு."

"மிஷினுக்குக் கரண்டு?"

"ஒயரு நீளமுங்."

"தண்ணி?"

"பாலம் வரைக்கும் டேங்க்குத் தண்ணி. அதுக்கப்பறம் காவேரி இருக்குதல்ல, அப்படியே ஓஸ் பைப்பைத் தூக்கிப் போட்டுட்டேன்."

குப்பண்ணன் வெத்தலையைத் துப்பிட்டு வந்து மறுபடி உக்காந்தாரு. போகணும்னு எந்திரிச்சவரு அவரு. ஆனா போகல. பொய்யுக்கு அப்படி ஒரு பசை.

"நான் சொல்றதைக் கேளம்மணி"ன்னு செங்கோட்டுவேல் சேரை இவ பக்கம் இழுத்தான். "மிஷின் இருந்தாப் பத்தாது. தொழில்ல மொத வித்தை சேம்பிள். செவுத்துக்கு நட்டநடுவுல, கண்ணு மட்டத்துல, ஒரு முழம் அகலத்துக்குக் கழுவிரணும். கழுவிட்டு, 'யோசிச்சுச் சொல்லுங்க'ன்னுட்டு வந்துக்கிட்டே இருக்கணும். அந்த ஒரு முழம் பளிச்சுன்னு நிக்கும். மீதிச் செவுரைப் பாக்கிறப்பெல்லாம் வீட்டுக்காரனுக்குச் சோறு எறங்காது. அவனே கூப்புடுவான்."

இது நிசம். மோகனாவுக்கே தெரியும். இவன் வாயில நிசமும் வருமான்னு அவ ஆச்சரியப்பட்டு முடிக்கிறதுக்குள்ள அவன் அடுத்த கியர் போட்டுட்டான்.

"ராசிபுரத்துல அப்படித்தான் ஒரு முழம் கழுவினேன். வீட்டுக்காரன் கூப்பிட்டு வீடு பூராக் கழுவச் சொன்னான். அந்த வீடு வெளுத்ததும் பக்கத்து வீடு அழுக்காத் தெரிஞ்சுது. அதையும் கழுவினேன். இப்படியே தெரு பூரா. தெரு வெளுத்ததும் ரோடு உறுத்துச்சு. ரோட்டைக் கழுவினேன். ரோடு வெளுத்ததும் அதுல போற எருமை உறுத்துச்சு."

"எருமையைக் கழுவினியாக்கும்?"

"ஒம்பது எருமைங் குப்பண்ணா. வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு. பால் சொசைட்டியில அன்னையிலிருந்து பசும்பால்னு எழுதித்தான் எடுக்கிறாங்க. வேணும்னா போய்ப் பாருங்."

"ராசிபுரத்துல என் தங்கச்சி இருக்கா. கேட்டுப் பாக்கறேன்."

"கேளுங், கேளுங். அவங்க கறுப்பெருமைன்னுதான் சொல்லுவாங்க. அதுக்கப்பறம் மறுபடி அழுக்காயிருச்சு."

மோகனாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. பயமும் இருந்துச்சு. இவன் பதினெட்டு வருசம் வேலை பாத்தவன், வாயுள்ளவன். முதலாளி வெளிய வந்ததும் முந்திக்கிட்டு நாலு வார்த்தை பேசுனான்னா அவ கதை முடிஞ்சுது. அவளுக்கு அப்படிப் பேச வராது. சர்வீஸ்ல ஏழு வருசம் கம்ப்ரசர் சத்தத்துலயே நின்னவ. ஆமா, இல்லைங்கிறதுக்கு மேல அங்க யாரு காதுல விழும்?

அப்பத்தான் கவனிச்சா. ஆபீஸ் ரூமுக்குள்ள பேச்சுச் சத்தம் நின்னிருந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க பின்வாசல் வழியா வண்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. செங்கோட்டுவேலுக்கு நேர் பின்னாடி இருக்கிற ஜன்னல் ஒரு சாண் தெறந்திருந்துச்சு. அந்தச் சந்துல தங்கமுத்துவோட மூக்குக் கண்ணாடி. அசையாம நின்னு கேட்டுக்கிட்டிருந்தாரு.

மோகனா ஒரு நிமிசம் யோசிச்சா. பொய் சொல்ல அவளுக்கு வராது. கேள்வி கேக்க வரும்.

"ஏனுங்ண்ணா, ஐநூறு பாருல அடிச்சா பெயின்ட் போயிராதுங்ளா?"

"பெயின்ட்டா?" செங்கோட்டுவேல் சட்டைக் கையை மடிச்சான். "ஒரு லாரி வந்துச்சம்மணி, பச்சைக் கலரு. ஒரு சுத்து அடிச்சேன். பச்சை போயிருச்சு, கீழ மஞ்சக் கலரு, 'முருகன் துணை'ன்னு எழுதிருக்குது. அது போன ஓனரு போலன்னு இன்னொரு சுத்து. மஞ்சளும் போயிருச்சு. கீழ நீலக் கலரு, 'மாதா துணை'. மூணாவது சுத்து அடிச்சேன் பாரு, லாரியே போயிருச்சு. கீழ ஒரு பஸ்ஸு. கண்டக்டரு விசில் ஊதிட்டு, 'வேலூரு, வேலூரு'ங்கறான்."

"போதும்ப்பா"ன்னாரு குப்பண்ணன்.

"எனக்கும் போதும்னுதான் இருந்துச்சு. கைதான் கேக்கல. நாலாவது சுத்து. பஸ்ஸும் போயிருச்சு. ஒரு கட்டை வண்டியும் ரெண்டு காளையும் நிக்குது. டிரைவரு அழுவுறான், 'ஏனுங், நான் ஐதராபாத்துக்கு முட்டை லோடு ஏத்தணுமே'ன்னு."

"அப்பறம் அந்த டிரைவரு என்னங் பண்ணுனாரு?"ன்னு மோகனா கேட்டா.

"என்ன பண்ணுவான், வண்டியைப் பூட்டிக்கிட்டுப் போனான். போய்ச் சேரும்போது முட்டை பூராக் கோழிக்குஞ்சு. எறக்கக் கூலியாளே வேண்டியதில்லாமப் போச்சு, அதுகளே எறங்கிப் போயிருச்சு."

ஜன்னல் சந்துல கண்ணாடி லேசா ஆடுச்சு. சிரிக்கிறாரா, கோவமான்னு தெரியல. மோகனா வாசல் பொம்பளைங்களைக் காட்டுனா.

"இந்த மாதிரிச் சுதைச் செலையெல்லாம் கழுவிருக்கீங்ளாண்ணா?"

"சேந்தமங்கலம் மண்டபத்துல இதே மாதிரி ரெண்டு. அடிச்சேன், அழுக்கு போச்சு. பெயின்ட் போச்சு. கழுத்துல இருந்த நகை போச்சு. மண்டபத்துக்காரன் திருட்டுன்னு போலீசுக்குப் போயிட்டான். நான் நிறுத்தலியே! சிரிப்பு போச்சு, கூப்பின கை போச்சு. கடைசியில என்னடான்னு பாத்தா உள்ள அந்த மண்டபத்தைக் கட்டின கொத்தனாரு நிக்கிறாரு. சிமெண்ட்டு பூசும்போது சித்த நேரம் சாஞ்சு கண்ணசந்துட்டாராமா. கூட இருந்தவன் கவனிக்காம மேலயே பூசிட்டான். மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பாத்துக் கேட்டாரு, 'தம்பி, டீ வந்துருச்சா?'"

குப்பண்ணன் ஸ்டூலை விட்டு எறங்கித் தரையில உக்காந்துட்டாரு. "ஏப்பா செங்கோடா, சொல்றதுக்கு ஒரு அளவில்லையா?"

"அளவுதான் சொன்னனே, ஐநூறு."

"சரிங்ண்ணா, செலை போகட்டும்"ன்னா மோகனா. அவ குரல் சாதுவா இருந்துச்சு. "செவுருங்?"

செங்கோட்டுவேல் எந்திரிச்சே நின்னுட்டான். கையில கன்னைப் பிடிச்ச மாதிரி ரெண்டு காலையும் அகட்டி நின்னான். முதுகு ஜன்னலுக்கு.

"அதே சேந்தமங்கலம். மொத நாளு பாசி போச்சு. ரெண்டாம் நாளு சுண்ணாம்பு போச்சு. மூணாம் நாளு பூச்சு போச்சு. நாலாம் நாளு செங்கல்லெல்லாம் மெலிஞ்சு அப்பளம் மாதிரி ஆயிருச்சு. உள்ள நடக்கிற கல்யாணம் ரோட்டுக்குத் தெரியுது. போற பஸ்ஸெல்லாம் நின்னு, பாசஞ்சருங்க ஜன்னல் வழியா அட்சதை போட்டுட்டுப் போனாங்க. அஞ்சாம் நாளு அமுத்தினேன் பாரு, மண்டபமே போயிருச்சு! தூணு, மாடி, மணமேடை ஒண்ணும் இல்ல. அழுக்கு மட்டும் நிக்குது. மண்டபம் சைஸுக்கு, கதவு ஜன்னலோட, அழுக்கு!"

"அழுக்கைக் கழுவலீங்ளா?"

"நான் ஒத்துக்கிட்டது மண்டபத்தைக் கழுவத்தானம்மணி. இன்னைக்கும் அந்த அழுக்குக்குள்ளதான் முகூர்த்தம் நடக்குது. வெயிலே எறங்காது, ஏசி மாதிரி இருக்கும்."

கதவு தெறந்துச்சு. தங்கமுத்து வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வெளிய வந்தாரு. செங்கோட்டுவேல் அகட்டுன காலைச் சேக்கவே மறந்துட்டான்.

"நான் முழுசாக் கேட்டேன் செங்கோட்டு"ன்னாரு. "எனக்கு மண்டபம் வேணும்ப்பா. ஆவணியில நாலு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கறேன்." அப்பறம் மோகனா பக்கம் திரும்புனாரு. "நீ எப்படிக் கழுவுவே?"

மோகனா இப்பத்தான் வாயைத் தெறக்கணும், இப்பத்தான் பூட்ஸ் ஞாபகம் வருது. "பாசிக்கு மருந்தடிச்சு ஊற விடுவேனுங். அப்பறம் அகல நாசில் போட்டு, பிரஷரைக் கொறைச்சு அலசுவேனுங். செலைங்களுக்கு மிஷினே வெக்க மாட்டேன், பிரஷ்ஷுதான். நாலு நாளாகுமுங்."

"ஒண்ணும் ஆகாதல்ல?"

ஆகாதுன்னு சொல்லிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனா மேல் வரிசையில பெயின்ட் ஏற்கனவே உப்பி நிக்கிறதை அவ வந்தவுடனே பாத்துட்டா.

"மேல அங்கங்க பெயின்ட் உரியுமுங். உப்பிப் போயிருக்குது. அதை இப்பவே சொல்லிர்றேனுங்."

தங்கமுத்து மூஞ்சி சுருங்குச்சு. "உரியுமா?"

"உரியுமுங்."

செங்கோட்டுவேலுக்கு உசுரு வந்துச்சு. ஒரே தாவுல முதலாளி முன்னாடி வந்து நின்னான். "பாத்தீங்ளா முதலாளி, அவளே சொல்றா, உரியுமாமா! என் மிஷினுல ஒரு துளி பெயின்ட் உரியாதுங்!"

"ஏப்பா, இப்பத்தான ஒரு மண்டபத்தையே உரிச்சேன்னே?"

"ஐயோ, அது பொய்யுங்! பொழுது போகாம அளந்து விட்டதுங்!"

"எருமை?"

"பொய்யுங்!"

"கொத்தனாரு?"

"அப்படி ஒருத்தரு பொறக்கவே இல்லீங்! ஐநூறு பாருமில்ல, ஒரு மண்ணுமில்லீங். பம்புல இருக்கிற ரப்பர் வாசர் போயி ஆறு மாசமாச்சுங். பாசி மேல அடிச்சா பாசி நனையும், அவ்வளவுதானுங். என் சம்சாரம் வீட்டுக் கத்திரிச் செடிக்கு அதுலதானுங் தண்ணி விடுறா. இன்னை வரைக்கும் ஒரு பூ உதுந்திருக்குமா? சத்தியமா இல்லீங்!"

குப்பண்ணன் வாயில இருந்த வெத்தலையை முழுங்கியே போட்டாரு.

தங்கமுத்து கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டுனாரு. சாவிக்கொத்தை மோகனா கையில குடுத்து, "மருந்தை இன்னைக்கே அடிச்சு ஊற விட்டுரு அம்மணி"ன்னாரு. அப்பறம் செங்கோட்டுவேல் தோள்ல கை போட்டாரு.

"நீயும் நாளைக்கு மிஷினோட வந்துரு செங்கோட்டு. பின்னாடி ரோஜாச் செடி வெச்சிருக்கறேன். தண்ணி விட ஆளு கெடைக்காமத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."