சாயக்காரியின் பதினோராம் நாள்

பவளத்துறையை மணிநாகர் என்ற ராஜா ஆண்டுவந்தார். அந்தத் துறைமுகத்து வணிக வழக்குகளுக்குக் கறாரான சட்டம் ஒன்று உண்டு. வழக்கோலை கைக்கு வந்தால் பத்து நாளுக்குள் பதில் ஓலை தரவேண்டும். தராவிட்டால் எதிராளி சொன்னதெல்லாம் உண்மை என்று தீர்ப்பாகிவிடும். எதிர்வழக்குக்கும் அதே கெடுதான்.

ஒரு மழைக்காலத்தில், சாயப்பட்டறை நடத்தும் உமையாள் கப்பல்காரர் சேந்தப்பர்மேல் வழக்குப் போட்டாள். கப்பலில் ஏற்றக் கொடுத்த அறுபது மூட்டை அவுரியை அவர் கரையிலேயே போட்டுவிட்டார், அத்தனையும் மழையில் கரைந்துபோனது என்பது வழக்கு.

சேந்தப்பர் லேசுப்பட்டவரா? பதிலோடு எதிர்வழக்கும் போட்டார். "அவள் மூட்டையிலிருந்து வழிந்த சாயத்தால் என் கப்பல் பாய்களெல்லாம் பாழ். ஈடாகப் பட்டறையை எனக்கு எழுதித் தரவேண்டும்!"

அந்த ஓலை ஒரு திங்கட்கிழமை உமையாள் கைக்கு வந்தது. மூட்டைகள் நனைந்த அன்று கப்பல் பாய்கள் கரையிலேயே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தவன் ஒரு படகோட்டிதான். அவனோ வடக்கே வேறு துறைக்குப் போயிருந்தான். வெள்ளத்தைக் கடந்து போய் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு, மறுவாரம் வியாழக்கிழமை காலை, பதில் ஓலையுடன் அவைக்குள் ஓடிவந்தாள்.

சேந்தப்பர் விரலை மடக்கத் தொடங்கினார். "திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு... நேற்றுப் புதனோடு பத்து முடிந்தது. இன்று பதினொன்று. பட்டறை என்னுடையது!"

"ஓலை வந்த நாளையுமா சேர்ப்பது, மகாராஜா?" உமையாள் முறையிட்டாள். "அன்றைக்குப் பொழுது சாய்ந்த பிறகுதானே வந்தது!"

ராஜா சட்ட ஏட்டைப் புரட்டினார். வந்த நாளைச் சேர்ப்பதா விடுவதா என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பக்கத்தில் இருந்த வெண்காடரைப் பார்த்தார். அவையிலேயே கூர்மையான ஆள் அவர்தான்.

"கப்பல்காரர் எண்ணுவதுதான் சரி, அரசே" என்றார் வெண்காடர்.

உமையாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேந்தப்பருக்கு வாயெல்லாம் பல்.

"ஐயா, உங்களுக்கு இதில் சந்தேகம் ஏதும் இல்லையே?" என்று சேந்தப்பரிடம் கேட்டார் வெண்காடர்.

"துளியும் இல்லை! வந்த நாளையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஓலையைத் தூக்கி எறியவேண்டும். யாராக இருந்தாலும் சரி!"

"யாராக இருந்தாலுமா?"

"என் அப்பனாக இருந்தாலும்!"

"நல்லது. இதையே எழுதி ஒப்பம் வையுங்கள்."

சேந்தப்பர் ஆனந்தமாக ஒப்பம் வைத்தார். அந்த ஓலையை மடியில் செருகிக்கொண்டு வெண்காடர் ஏட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"உமையாளின் வழக்கோலை இவர் கைக்கு என்றைக்குப் போனது?"

"வெள்ளிக்கிழமை, சுவாமி."

"இவர் பதிலும் எதிர்வழக்கும் தந்தது?"

"மறுவாரம் வெள்ளியும் கழிந்து வந்த திங்கட்கிழமை."

வெண்காடர் நிதானமாக விரல் மடக்கினார். "வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று... மறுவாரம் வெள்ளி எட்டு, சனி ஒன்பது, ஞாயிறு பத்து. அடடா! திங்கள் பதினொன்று!"

வெண்காடர் ராஜா பக்கம் திரும்பினார்.

"அரசே, கப்பல்காரரின் ஓலையைத் தூக்கி எறியவேண்டும். அவரே ஒப்பம் வைத்திருக்கிறார். அதோடு எதிர்வழக்கும் போய்விட்டது. இல்லாத எதிர்வழக்குக்கு இந்தப் பெண் எதற்குப் பதில் சொல்லவேண்டும்? பதில் வராததால் அவள் வழக்கில் சொன்னது அத்தனையும் உண்மை!"

சேந்தப்பர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். உமையாளைப் பார்த்தார். அவர் முகத்தில் திடீரென்று அப்படி ஒரு கருணை.

"அரசே... பாவம், பொழுது சாய்ந்த பிறகு ஓலை வந்தது என்கிறாளே. பெண்பிள்ளை. அந்த ஒரு நாளை விட்டே எண்ணலாமே!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஆடியது. "அப்படியே ஆகட்டும்! படகோட்டியைக் கூப்பிடுங்கள்!"

அன்று கரையில் பாய்கள் இல்லை, மூட்டைகள் மட்டும் மழையில் கிடந்தன என்று படகோட்டி பார்த்ததைச் சொன்னான். எதிர்வழக்கு தள்ளுபடியானது. சேந்தப்பர் செலவில் அறுபது மூட்டை புது அவுரி உமையாளின் பட்டறை வாசலில் இறங்கியது. ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடருக்குப் போட்டார்.