முதல் பெஞ்சுக்கு மேல் ஒரு ஜன்னல்

பள்ளிக்கூட ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த மரியபுஷ்பம், வகுப்பு நடக்கும்போதே பழைய பெயிண்டைத் தேய்க்கச் சொன்னதும் கொதித்துப்போனாள்.

"இது பழைய ஆயில் பெயிண்ட், ஈயம் இருக்கும் சார். பிள்ளைங்களை அனுப்பிட்டு, தண்ணி தொட்டுத்தான் தேய்க்கணும். அது மேல ஒட்டிப் பிடிக்கிற பிரைமரா வாங்கிக் கொடுங்க."

"சுவர் பிரைமரே போதும். வெறுமனே தேய்ச்சு இன்னைக்கே முடி. தூசியில யாரும் சாகமாட்டாங்க!" தலைமையாசிரியை முன்னாலேயே அதட்டினார் காண்ட்ராக்டர் சபாரத்தினம்.

"சரிங்க சார்."

உப்புத்தாளோடு அவள் நேராக முதல் பெஞ்சுக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்தவன் சபாரத்தினத்தின் பேரன். அவன் தலைக்கு மேலிருந்த ஜன்னலில் கையை வைத்தாள்.

"ஏய், நிறுத்து! அது விஷம்!" என்று அலறினார் சபாரத்தினம்.

"மத்த பிள்ளைங்களுக்கு மட்டும் அது என்ன, முகப்பவுடரா?"

தலைமையாசிரியை வகுப்பைக் காலி செய்தார். நல்ல பிரைமர் வாங்க சபாரத்தினமே வெயிலில் நடந்தார்.