படலைக்குள்ளே ஒரு கனடா

மூன்று பேர் சேர்ந்து யோசித்தால் ஒரு ஆளின் யோசனையில் பாதிகூடத் தேறாது என்று பெயர் எடுத்தவர்கள் வதனியின் அண்ணன்மார். பெரியவர் கனகலிங்கம், நடுவிலார் நாகலிங்கம், கடைசி சிவலிங்கம். சாப்பாட்டு நேரம் வந்தால் மூன்று பேரும் வதனியின் குசினியிலே வந்து குந்திவிடுவார்கள். அவர்கள் வந்து குந்த முடியாத தூரத்திலே தனக்கென்று ஒரு குசினி வேண்டும். வதனிக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

அதற்கு வழியும் இருந்தது. புருஷன் தவநேசன் கனடாக் குடியுரிமைக்காரன். கல்யாணம் கட்ட வந்தவன், வதனியின் மீன்குழம்பு பிடித்துப்போய் இரண்டு வருஷமாக யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டான். இங்கே இருந்தபடியே அவளை ஸ்பொன்சர் பண்ணி எழுதிப்போட்டான். விசாக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது.

"நீர் வெளிநாட்டில் இருந்துகொண்டு மனைவியைக் கூப்பிடுகிறீர். விசா கிடைத்தால் இருவரும் கனடாவில்தான் வாழ்வீர்கள் என்பதற்கு ஆதாரம் அனுப்பவும்."

நாலு ஆண்களும் முற்றத்திலே கூடினார்கள்.

"வாழுவம் எண்டு வாயாலை சொன்னா நம்புவினமே?" என்றார் பெரியண்ணன். "வாழ்ந்து காட்ட வேணும்."

"விசா இல்லாமல் எங்கை போய் வாழுறது மச்சான்?" என்றான் தவநேசன்.

"இஞ்சைதான்."

அடுத்த நாளே வாசல் படலையிலே 'கனடா' என்று பலகை தொங்கியது. துறைமுகத்திலே மீனுக்குப் போடுகிற ஐஸ் ஒரு டிராக்டர் பெட்டி நிறைய வந்து முற்றத்தில் கொட்டுப்பட்டது. பனிக்காலத்தில் மரங்களிலே இலை இருக்காது என்று தவநேசன் சொல்லப்போக, சின்னண்ணன் முருங்கையில் ஏறி ஒரு இலை விடாமல் உருவிப்போட்டார். ஆறு நாள் வீட்டிலே முருங்கையிலை வறைதான்.

"தென்னையை என்ன செய்யிறது?" நடுவண்ணனுக்கு அதே கவலை.

பெரியண்ணன் தென்னையைச் சுற்றிவந்து பார்த்தார். "பல்ப்பைக் கட்டு. கிறிஸ்மஸ் மரம்."

தவநேசனின் குளிர்ச்சட்டையை வதனிக்குப் போட்டார்கள். காதுவரைக்கும் கம்பளித் தொப்பி. நல்ல பங்குனி வெயில். தவநேசன் மண்வெட்டியால் ஐஸை வழித்துத் தள்ளினான். மீன் வாசத்துக்கு ஊர்ப் பூனைகள் எல்லாம் வந்து நக்கத் தொடங்கின.

"அண்ணை, பூனை படத்திலை விழுது," என்றார் கமெராவோடு நின்ற சின்னண்ணன்.

"விழட்டும். பனிநாட்டுச் சாமான் எண்டு நினைப்பினம்."

"எனக்கு வேர்த்து ஒழுகுது அண்ணை," என்றாள் வதனி.

"வேர்க்காதை பிள்ளை. கனடாவிலை ஆருக்கு வேர்க்குது?"

அவள் வேர்க்காமல் இருக்கப் பார்த்தாள். எல்லாம் அந்தக் குசினிக்காகத்தான்.

முப்பது படம் போனது. மூன்று மாதத்தில் பதில் வந்தது.

"படங்களைப் பார்த்தோம். உமது மனைவி விசா இல்லாமலே கனடாவுக்குள் வந்து வாழ்வதாகத் தெரிகிறது. அப்படியானால் அவர் முதலில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."



"சட்டம் எண்டால் சட்டம்தான்," என்று பெரியண்ணன் மூக்கைத் துடைத்தார். "தங்கச்சி, பெட்டியைக் கட்டு."

மூன்று பேரும் அழுதழுது அவளைப் படலைவரை கூட்டிவந்தார்கள். தவநேசன் மாலை போட்டான். வதனி பெட்டியோடு ரோட்டிலே கால் வைத்தாள். சின்னண்ணன் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"வெளியேறியாச்சு. இனி உள்ளுக்கு விடுங்கோ, அடுப்பிலை சோறு கிடக்கு."

பெரியண்ணன் படலையைச் சாத்தினார். "விசா?"

"அண்ணை, சோறு கருகப் போகுது."

மூன்று தலையும் சேர்ந்து குசுகுசுத்தன. "சோறு இஞ்சை அவிஞ்சது. அது இருக்கலாம்," என்றார் நடுவண்ணன். "நீ வெளியிலை இருந்து வாறாய். உன்னை ஸ்பொன்சர் பண்ணித்தான் எடுக்க வேணும்."

"பயப்பிடாதையும் வதனி, இப்பவே எழுதிப்போடுறன்," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தான் தவநேசன். இந்த முறை அவனுக்கு நல்ல தைரியம். கனடாவுக்குள்ளே இருந்துகொண்டல்லவா கூப்பிடுகிறான், யார் ஆதாரம் கேட்கப்போகிறார்கள்?

வதனி எதிரேயிருந்த மதகிலே போய்க் குந்தினாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பக்கத்தில் ஒரு அண்ணனும் இல்லை. வழிக்கென்று கட்டிய இடியப்பப் பார்சலை மெதுவாகப் பிரித்தாள்.

படலைக்கு மேலால் மூன்று தலை தெரிந்தது.

"தங்கச்சி, வெளிநாட்டிலை இப்ப எத்தினை மணி?"

"பன்னிரண்டரை அண்ணை."

பெரியண்ணன் உள்ளே ஓடிப்போய்ச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"இஞ்சையும் பன்னிரண்டரைதான். பெரிய தூரமில்லை. சாப்பிட்டிட்டுத் திரும்பலாம்."

மூன்று பேரும் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பையோடு ரோட்டைக் கடந்து வந்து வதனியைச் சுற்றிக் குந்தினார்கள். முதல் இடியப்பத்தைப் பிய்க்கும்போதுதான் பெரியண்ணனுக்கு ஒன்று உறைத்தது. படலையைத் திரும்பிப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"மச்சான், அந்தப் படிவத்திலை எங்கடை மூண்டு பேரையும் சேர்த்து எழுதும்."